விருந்தினர் அறையில் ஜன்னல் திறந்திருக்கிறது

விருந்தினர் அறையில் ஜன்னல் திறந்திருப்பதாகச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த திரை சொன்னது. வெரேனா மாடியேறிப் போய்ப் பார்த்தாள். ஜன்னல் இறுக மூடியிருந்தது. கைப்பிடி கீழ்நோக்கி நின்றது. கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. ஆனால் சுவரோர ஹீட்டர் தானாக அணைந்து கிடந்தது. இரும்பை நக்கினால் நாக்கில் ஒட்டுமே, அந்த ருசி காற்றில் இருந்தது.

புது வீடு. அவளும் கணவன் ஆன்ஸ்கரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்டதைவிட, ஹீட்டிங்கை எதைக் கொண்டு கட்டுப்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள் என்று ஜெர்மனியில் உல்ம் பக்கத்து எங்கள் தெருவே சிரித்தது. அவனுக்குக் கையால் திருகுகிற குமிழ் போதும். அவளுக்கோ, கூரையில் ஒரு கண்ணை வைத்து, எந்த அறையில் ஆள் இருக்கிறது என்று உடம்புச் சூட்டை வைத்தே கண்டுபிடித்து அந்த அறையை மட்டும் சூடாக்குகிற அமைப்பு வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அதுவே அந்த அறை ஹீட்டரை அணைத்துவிடும். கைக்குழந்தை இருக்கிற வீடு, மதில்டாவுக்குச் சளி பிடித்தால் ராத்திரி முழுக்க விழிப்பது யார் என்பது அவள் கட்சி. கடைக்காரர் ரென்ட்ஸ் கெட்டிக்காரர். சனிக்கிழமை வரை சும்மா மாட்டிப் பாருங்கள் என்று கண் வைத்த அமைப்பையே மாட்டிவிட்டுப் போனார். திரையில் வீட்டின் வரைபடம். ஆள் இருந்தால் சிவப்புப் புள்ளி. ஜன்னல் திறந்திருந்தால் நீலக் கட்டம்.

எங்கள் பக்கத்தில் காலையும் மாலையும், பனி கொட்டினாலும், எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து வீட்டுக் காற்று முழுவதையும் மாற்றி மூட வேண்டும். புதுச் சுவர் என்றால் ஈரம் வேறு. விட்டால் பூஞ்சை பிடிக்கும். இதை ஒழுங்காகச் செய்யாதவள் என்ன குடித்தனம் நடத்துகிறாள் என்று எதிர்வீட்டு ஹேபெர்லே அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். அவள் வாய்க்குப் பயந்து, செவ்வாய்க்கிழமை இருட்டுகிற நேரத்தில் வெரேனா எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக் கடை வரை போய் வந்தாள். வீடு ஆளில்லாமல் வாய் பிளந்து கிடந்தது. அவள் திரும்பிவந்து எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் அந்த முதல் நீலக் கட்டம்.

மறுநாள் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. விருந்தினர் அறையில் மறைந்து குளியலறையில் எரிந்தது. அங்கிருந்து மாடிப்படி. எப்போதும் ஒன்றே ஒன்று. அவள் ரென்ட்ஸுக்கு போன் போட்டாள்.

"அது ஜன்னலப் பாக்கறதில்லம்மா. சடார்னு குளிர் எறங்குனா, ஜன்னலத் தொறந்துட்டாங்கன்னு நெனச்சுக்கும். அவ்வளவுதான் அதுக்கு அறிவு."

"ஒவ்வொரு ரூமா போகுதுங்க."

"அப்ப உங்க வீட்ல குளிர் காலாற நடக்குது போல." சிரித்தார். "சனிக்கிழமை வந்து கழட்டிக்கறேன். உங்க வீட்டுக்காரருக்குக் குமிழ்தான் லாயக்கு."

அன்று மாலை துணி துவைக்கிற அறையில் ஹேபெர்லே அம்மாளின் பூனை கிடந்தது. வயிறு தரையில், முகம் கூரையைப் பார்த்தபடி. கழுத்துத் தோல் ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கியிருந்தது. அறை கதகதப்பாக இருந்தது, பூனையின் மீசையில் மட்டும் பனித்தூள்.

"மரநாய் வேலை," என்றான் ஆன்ஸ்கர். இங்கே கார் ஒயர் அறுந்தாலும் மரநாய், கூரை ஓடு நகர்ந்தாலும் மரநாய்.

"மரநாய் தலையத் திருகுமா?"

"பசி வந்தா நானே திருகுவேன். சாப்பிட என்ன இருக்கு?"

பூனையைத் தோட்டத்து மூலையில் புதைத்தான். ஹேபெர்லே அம்மாளிடம் மூச்சு விடவில்லை. அவள் மறுநாள் விடியற்காலை முதல் பூனையைத் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள்.

வியாழக்கிழமை நாலரைக்கே இருட்டிவிட்டது. மதில்டா மாடியில் தூங்கினாள். வேலையிலிருந்து வந்த ஆன்ஸ்கர், இந்த நீலக் கூத்தை இன்றைக்கே முடிக்கிறேன் என்று, கருவியின் இணைப்பைப் பிடுங்க நிலவறைக்கு இறங்கினான். வெரேனா கொதிக்கிற பருப்பின் வாசனையில், ஜன்னலுக்கு வெளியே எங்கோ பனி வாருகிற இயந்திரத்தின் உறுமலில், கையில் கரண்டியோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிலவறையில் ஒரு சிவப்புப் புள்ளி. நீலக் கட்டம் மாடிப்படியில்.

பிறகு அது சமையலறையில் இருந்தது. அவள் கெண்டைக்கால் மயிர் சிலிர்த்தது. அடுப்புக்கு மேலே எழும்பிய ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ கடந்துபோவதுபோல.

பிறகு நிலவறை.

"ஆன்ஸ்கர், மேல வா."

"ஒரு நிமிஷம். இங்க யாரு கதவத்..."

முறிகிற சத்தம். ஈர விறகு முறிகிற சத்தம். அப்புறம் ஒரு மூச்சு, பாதியில் நின்றது. அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. சிவப்புப் புள்ளி இரண்டாயிற்று.

இரண்டு பேர் இல்லை அங்கே.

ஒன்று அசையாமல் கிடந்தது. இன்னொன்று சின்னது, அறையின் குறுக்கே, யாரோ இழுப்பதுபோல் மெல்ல நகர்ந்து மூலைக்குப் போயிற்று. இரண்டும் வெளிறத் தொடங்கின. சூடு ஆறியது.

வெரேனா ஓடினாள். போன் கையில் இருந்தது, அதிலும் அதே வரைபடம். மதில்டாவை வாரி எடுத்தாள். ஒரே ஒரு நினைப்புதான். காற்று விடும்போது உள்ளே வந்தது, காற்று விட்டால் வெளியே போகும். இடது தோளில் குழந்தை, வலது கையால் ஒவ்வொரு ஜன்னலாக. விருந்தினர் அறை. குளியலறை. படுக்கையறை. தினம் இரண்டு வேளை பழகிய கை, யோசிக்கவே இல்லை. கடைசியில் குழந்தையின் அறை. கதவைப் பூட்டினாள், ஜன்னலைத் திறந்து அலறினாள்.

கீழே தெருவில் ஹேபெர்லே அம்மாள் இயந்திரத்தால் பனி வாரிக்கொண்டிருந்தாள், அதன் உறுமலில் அலறல் அவள் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எல்லா ஜன்னலும் விரியத் திறந்திருப்பதைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து கையசைத்து, உறுமலுக்கு மேலே கத்தினாள்.

"இப்பத்தான் வெரேனா, குடும்பம் நடத்தக் கத்துக்கிட்ட. பத்து நிமிஷம் போதும், மூடிரு."

உறுமல் ஓயவில்லை. குனிந்துவிட்டாள்.

வெரேனா போனைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. மாடி முழுக்க நீலம். விருந்தினர் அறை நீலம். குளியலறை நீலம். படுக்கையறை நீலம். இந்த அறையும் நீலம். அது எங்கே என்று சொல்ல இருந்தது அந்த ஒரு கட்டம்தான். அதை அவளே அழித்துவிட்டாள்.

ஜன்னலை அறைந்து மூடினாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். குழந்தையை இறுக்கினாள். மூடியாயிற்று, இனி நீலம் போகும். போக வேண்டும்.

போகவில்லை.

ஹீட்டர் மூச்சு விடவில்லை. இரும்பு ருசி. தோள் மரத்தது. குளிர்தான். குளிர் என்றால் மரக்கத்தான் செய்யும். மதில்டா ஏனோ லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

திரையில் இந்த அறையில் சிவப்புப் புள்ளிகள். தான் ஒன்று. குழந்தை ஒன்று.

மூன்று இருந்தன.

"ஆன்ஸ்கர்?" என்றாள், ஒரு நொடி உண்மையிலேயே சந்தோஷப்பட்டு.

வலி இன்னும் வரவில்லை. தொட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையில், அவளுடைய இடது கை கிடந்தது. விரல்கள் பிடியை விடவில்லை. அந்தப் பிடிக்குள் மதில்டா, போர்வை கலையாமல், மெல்ல மெல்லக் கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள்.