ராட்டின உச்சியில் யார் கையை யார் பிடித்தது?

அவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது விதி என்று பின்னால் பலர் சொன்னார்கள். இல்லை... கனகாம்பிகை அம்மாளின் எடை.

அந்த வருடம் இங்கிலாந்து மன்னருக்கு வெள்ளி விழா. அவர் லண்டனில் கொண்டாடினார். மலாக்காவில் அவருக்காகப் பண்டா ஹிலிர் திடலில் பொருட்காட்சி போட்டார்கள். கடலைப் பார்த்தபடி ஒரு பேய் வீடு. செங்குத்துச் சுவரில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி ஏறும் மரணக் கிணறு. நடுவில், தென்னைகளைக் குனிந்து பார்க்கும் உயரத்தில் ஒரு ராட்டினம். இதுவரை இலவசமாகக் கிடைத்துவந்த பயத்தை இனிச் சீட்டு வாங்கிப் பெற்றுக்கொள்ள எல்லா வசதியும் செய்திருந்தார்கள்.

ராட்டினத்தின் எண்ணெய் இயந்திரம் முதல் நாளே படுத்துவிட்டது. அதனால் தோட்டத்து ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, கயிறு கட்டி இழுத்துச் சுற்றினார்கள். ஆள் இழுக்கிற ராட்டினத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதிரெதிர்த் தொட்டில்களில் எடை சமமாக இருக்கவேண்டும். ராட்டினக்காரர் தம்புசாமி வரிசையில் நிற்பவர்களைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்துப் பிரித்து உட்கார வைப்பார். புருஷன் பெண்டாட்டி, ஏழை பணக்காரன், இந்தச் சாதி அந்தச் சாதி எதுவும் அவர் காதில் ஏறாது. மலாக்கா மாநிலத்தில் அவ்வளவு சமத்துவமான இடம் வேறு இல்லை.

புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கதிர்காமநாதன், தன்னை வளர்த்த பெரியம்மா கனகாம்பிகையோடு வரிசையில் நின்றான். தம்புசாமி பெரியம்மாவை ஒருமுறை பார்த்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை பார்த்தார். அவரைத் தனியாக ஒரு தொட்டிலில் அமர்த்தினார். எதிர்த் தொட்டிலுக்குக் கதிர்காமநாதனைக் காட்டினார். அது போதாது என்று தோன்றியதும், அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணையும் காட்டினார்.

அவள் இருசம்மாள். செலண்டார் பக்கம் கறுப்புப்பால ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். அவளுடைய அப்பா மருதமுத்து அந்த ராட்டினத்தில்தான் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஐயா."

"தள்ளினால் வெளியிலதான் இருக்கவேணும், பிள்ளை."

அதுதான் அவர்கள் பேசிய முதல் பேச்சு. காதல் மணம் எதுவும் அதில் வீசவில்லை. வேர்க்கடலை மணம்தான் வீசியது... அவள் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது.

கதிர்காமநாதனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உலகத்தின் பயங்கர விளையாட்டுகளில் அவன் ஒரு நிபுணன். முதல் வகுப்புப் பெட்டிகளில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் படப் பத்திரிகைகளை எல்லாம் படித்து, எந்த ஊரில் எந்த ராட்டினம் எவ்வளவு உயரம் என்று பிளாட்பாரம் முழுவதற்கும் விளக்கியவன். இதுவரை ஒன்றிலும் ஏறியதில்லை. பெரியம்மா ஆசைப்பட்டதால் இன்று ஏறினான். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ரகசிய ஏற்பாடு வைத்திருந்தான். அதைத் தம்புசாமி கலைத்துவிட்டார்.

ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் அவர்கள் உச்சிக்கு வந்த நேரம், மரணக் கிணற்றில் அடுத்த ஆட்டம் தொடங்குகிறது என்று அறிவிக்க, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை ஒருவன் இரும்பால் அடித்தான்.

டங்... டங்... டங்...

தோட்டத்தில் வேலை முடிவதும் அதேபோன்ற தண்டவாளத் துண்டின் சத்தத்தில்தான். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடவேண்டும். பல வருடத்துப் பழக்கம். கயிறு இழுத்த அத்தனை பேரும், மருதமுத்து உட்பட, கயிற்றைப் போட்டார்கள். முதுகை நிமிர்த்தினார்கள். தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, விழாவுக்காக இலவசமாகச் சோறு போடும் கொட்டகையைப் பார்த்து நடந்தார்கள்.

தம்புசாமி பாய்ந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். அவர்களைக் கூப்பிட ஓடினார். அப்போது மழை வந்தது... கடல் பக்கமிருந்து, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், வெள்ளையாக. நனைந்த கயிறு வழுக்கும், மழை விட்டால்தான் சுற்றுவேன் என்று தம்புசாமி சொல்லிவிட்டார். தரையோடு தரையாக நின்ற தொட்டிலிலிருந்து இறங்கப் பார்த்த கனகாம்பிகை அம்மாளையும் கும்பிட்டுத் தடுத்தார். அவர் இறங்கினால் மேலே இருப்பவர்கள் கீழே வந்துவிடுவார்கள், மெதுவாக வரமாட்டார்கள் என்று விளக்கினார். கனகாம்பிகை அம்மாள் குடையை விரித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, மருமகள் ஆகக் கூடாத ஒருத்திக்காகத் தன் எடையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேலே தொட்டில் ஆடியது. க்ரீச்... க்ரீச்...

கதிர்காமநாதன் கண்ணை மூடினான். பக்கத்தில் இருந்த கையைப் பிடித்தான். பிடித்தான் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

இருசம்மாளுக்குக் கோபம் வந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஐயா... மூச்சு விடுங்க."

"விடாதையும்... கையை விடாதையும்."

"நான் எங்க பிடிச்சேன், விடறதுக்கு? நீங்கதான் பிடிச்சிருக்கீங்க. சரி, எதையாச்சும் பேசுங்க. பேசுனா பயம் தெரியாது."

அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கண்ணைத் திறக்காமல், பரீட்சைக்கு ஒப்பிக்கிறவனைப்போல ஆரம்பித்தான். வியன்னாவில் இதைவிடப் பெரிய ராட்டினம் இருக்கிறது, அதில் தொட்டில் கிடையாது, ரயில் பெட்டியே சுற்றும் என்றான். அமெரிக்காவில் கடற்கரையில் மரத்தாலேயே ஒரு மலை கட்டி, உச்சியிலிருந்து மனிதர்களை வண்டியோடு உருட்டிவிடுகிறார்கள் என்றான். இங்கிலாந்தில் இருட்டுக் குகைக்குள் ஒரு குட்டி ரயில் போகும், வளைவுக்கு வளைவு எலும்புக்கூடு எழுந்து நிற்கும் என்றான்.

"எதுக்கு ஐயா அதெல்லாம்?"

"பயப்படத்தான்."

"காசு குடுத்தா?"

"ஓம்."

இருசம்மாள் சிரித்துவிட்டாள். "பாவம்லா அவங்க. நாங்க விடியறதுக்கு முந்தி காட்டுக்குள்ள போறப்ப, காலுக்குக் கீழ பாம்பு, மரத்துக்குப் பின்னாடி புலி, புலிக்குப் பின்னாடி தொரை. ஒரு காசு குடுக்கறதில்ல. அவங்கதான் எங்களுக்குக் குடுக்கறாங்க."

அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் அவன் கண்ணைத் திறந்தான். கடல் தெரியவில்லை. தென்னைகள் தெரியவில்லை. மழைத்துளி தொங்கும் இமைகளும், அவற்றுக்குள் கொஞ்சங்கூடப் பயமில்லாத இரண்டு கண்களும் தெரிந்தன. உலகத்தில் இவ்வளவு உயரத்தில் இவ்வளவு அமைதியாக ஒன்று இருக்க முடியுமா... அவன் படித்த எந்தப் பத்திரிகையிலும் இது போட்டிருக்கவில்லை.

அவளும் பார்த்தாள். இதுவரை அவள் கையை வேண்டும் என்று யாரும் பிடித்ததில்லை. கையில் வாளி கொடுத்திருக்கிறார்கள், கத்தி கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கை இருந்தால்தான் உயிரோடு இருப்பேன் என்று ஒருவன் பிடித்துக்கொண்டிருக்கிறான்... பொட்டலத்தைப் பிரித்து, அவன் வாயில் ஒரு கடலையைப் போட்டாள். வாயில் ஏதாவது இருந்தால் பல் அடித்துக்கொள்ளாது.

மழை விட்டது. இறங்கினார்கள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கதிர்காமநாதனைப் பெரியம்மா இழுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை ரயில் ஏறும்போதே கனகாம்பிகை அம்மாள் ஆரம்பித்துவிட்டார். தோட்டத்துப் பெட்டை ஒருத்தி பயந்து, தன் பிள்ளையின் கையைப் பிடித்துத் தொங்கினாளாம். பிள்ளைதான் தைரியம் சொல்லிக் காப்பாற்றினானாம். குடைக்குள்ளிருந்து அவர் பார்த்தது கோத்திருந்த கைகளைத்தான். மீதியைப் பாசம் நிரப்பிக்கொண்டது. கதிர்காமநாதன் வாயைத் திறக்கவில்லை. நிபுணன் என்ற பெயர் போய்விடுமே.

செய்தி பஸ் ஏறிச் செலண்டாருக்குப் போனது. மெர்லிமாவிலிருந்து இருசம்மாளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். அதுதான் தாங்கவில்லை.

ஒரு பிற்பகல் அவள் புலாவ் செபாங் ஸ்டேஷன் ஜன்னல் முன்னால் வந்து நின்றாள். உள்ளே கதிர்காமநாதனுக்குப் பின்னால் கூட வேலை செய்யும் குலம் என்பவனும் இன்னும் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு டிக்கெட்டு வேணாங்க ஐயா. யாரு கையை யாரு பிடிச்சதுன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லுங்க. எங்க அப்பா என்கூடப் பேசறதில்ல. வேற ஒண்ணும் நான் கேக்கல."

அவன் குலத்தைத் திரும்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். அடுத்த ரயில் எப்போது வரும் என்று சொன்னான்.

அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். அதே கண்கள். மழை மட்டும் இல்லை... "அன்னிக்கு நீங்க நடுங்குனதுகூட எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இது பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கதிர்காமநாதனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் தொட்டில் ஆடியது. பக்கத்தில் யாரும் இல்லாமல் ஆடியது. பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னான். அவர் நம்பவில்லை. அந்தப் பிள்ளைக்காகப் பொய் சொல்கிறாய், உன் மனசு அவ்வளவு நல்லது என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். ஒருவன் தான் கோழை என்று சொன்னால் நம்புவதற்கு வீட்டில் ஆள் இல்லை. நிரூபிக்கத்தான் வேண்டும்.

பொருட்காட்சியின் கடைசி நாள். பெரியம்மாவையும், குலத்தையும், ஸ்டேஷனில் கிடைத்த அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு மலாக்கா போனான். மருதமுத்து கயிறு பிடித்து நின்றார். அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்த இருசம்மாள், இவனைக் கண்டதும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் தனியாக ஏறினான். எதிர்த் தொட்டிலில் தம்புசாமி ஒரு மணல் மூட்டையை வைத்தார். உச்சியில் நிறுத்தச் சொன்னான்.

நிறுத்தினார்கள்.

முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு வந்தது. அது மனிதக் குரல் என்று திடலில் இருந்தவர்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மரணக் கிணற்றுக்காரன்கூட வண்டியை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தான். பேய் வீட்டிலிருந்து பேய் வந்து பார்த்தது.

"பெரியம்மா... எனக்குப் பயமாக் கிடக்கு... அண்டைக்கும் இப்பிடித்தான்... அந்தப் பிள்ளை என்னைப் பிடிக்கேல்லை... நான்தான் பிடிச்சனான்... இறக்கச் சொல்லுங்கோ..."

தொட்டில் கம்பியைக் கட்டிக்கொண்டு கதறும் அந்த உருவத்தை எல்லோரும் பார்த்தார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குலம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தான். கனகாம்பிகை அம்மாள் சிரிக்கவில்லை. வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு மேலேயே பார்த்தார். இப்படி நடுங்குகிற பிள்ளையை, அன்றைக்கு மழை முடியும்வரை கீழே குதிக்கவிடாமல் வைத்திருந்தது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மருதமுத்து மகளைப் பார்த்தார். "எறக்கிடலாமா தாயி?" என்று கேட்டார். அப்பா பேசிவிட்டார். இருசம்மாளுக்குத் திடல் முழுவதும் கலங்கித் தெரிந்தது.

"எறக்குங்கப்பா... பாவம்."

இறங்கியவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அவள் தேத்தண்ணீர்த் தூக்குடன் எதிரே வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் கனகாம்பிகை அம்மாள் வந்து, அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்ர பிள்ளையைத் திருப்பித் தந்த கை, மோனை" என்றார். குடையைத் தேடுகிறவரைப்போலத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சொல்வதற்கு அழகான வசனங்கள் சில ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தான். எல்லாம் உச்சியிலேயே தங்கிவிட்டன.

"அண்டைக்கு நான் நன்றி சொல்லேல்லை."

"அதான் இன்னிக்கு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டீங்களே."

"அது நன்றி இல்லை. அது பயம்." மூச்சு வாங்கினான். "இருசம்மாள்... எனக்கு உயரத்துக்கு மட்டும் பயம் எண்டில்லை. பெரியம்மாவுக்குப் பயம், குலம் சிரிப்பானோ எண்டு பயம், நீர் திரும்பிப் பாராமல் போயிடுவீரோ எண்டு எல்லாத்திலும் பெரிய பயம். தரையிலயும் நான் இப்பிடித்தான். நீர் பக்கத்தில இருந்தால் மட்டும் கண்ணைத் திறக்கலாம் போலக் கிடக்கு... உம்மில எனக்கு அவ்வளவு விருப்பம்."

அவள் தேத்தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கினான். பாதி சட்டையில் போனது.

திடலில் அத்தனை பேர் நின்றார்கள்... ஸ்டேஷன் நின்றது, தோட்டம் நின்றது, அப்பா நின்றார். இருசம்மாள் புல்லில் அவன் எதிரே உட்கார்ந்தாள். குவளையோடு சேர்த்து அவன் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப நான்தான் பிடிச்சிருக்கேன்" என்றாள். "யாரு வேணும்னாலும் போயி சொல்லிக்கட்டும்."