பின்பக்க இடது டயர்

தருமபுரியில் அரூர் சாலையோரம் இருக்கும் அந்த டயர் கடைக்கு அம்பிகா வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். பயப்படுகிற நேரமே இல்லை அது. பக்கத்து டீக்கடையில் போண்டா வெந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அர்ச்சுனன் அவளுடைய காரின் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி, உருட்டிக்கொண்டு வந்து, அவள் காலடியில் படுக்கப் போட்டார். டயரின் இரண்டு ஓரங்களும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. ஓரிடத்தில் உள்ளே இருக்கும் கம்பிகூட எட்டிப் பார்த்தது.

“பின்னாடி மூட்டை கீட்டை ஏத்துறீங்களா மேடம்?” என்று கேட்டார்.

அம்பிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வத்தல்மலை மேல் இருக்கும் அரசுப் பள்ளியில் ஆசிரியை. காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவள். மிஞ்சிப்போனால் பின் சீட்டில் பிள்ளைகளின் பரீட்சைத்தாள் கட்டு ஒன்று கிடக்கும். காற்று குறைவாக ஓட்டினாலும் ஓரம் இப்படித் தேயும், பாரம் ஏற்றினாலும் தேயும் என்றார் அர்ச்சுனன். காற்று சரியாகத்தான் இருந்தது. நான்கு டயரும் வைகாசியில், பள்ளி திறப்பதற்கு முன்பு, ஒன்றாகப் போட்டவை. மற்ற மூன்றும் இன்னும் புது மெருகு போகாமல் இருக்க, இது மட்டும் ஆவணி முடிவதற்குள் கிழடு தட்டிவிட்டது.

அவளுக்கு இது வெறும் டயர் சமாச்சாரம் இல்லை. கல்யாணமாகி எட்டாவது வருடத்தில் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. கோயில், ஆஸ்பத்திரி, ஊர்வாய் எல்லாவற்றையும் தாண்டித் தங்கிய பிள்ளை. குலுங்காமல் இருக்கணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் சந்திரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, லீவு போடு என்று நச்சரித்தான். இப்போதே லீவைத் தின்றுவிட்டால் பிள்ளை பிறந்தபிறகு என்ன செய்வது என்று இவள்தான் பிடிவாதமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு டயர் வெடித்தால் போதும், அவளும் வயிற்றுப் பிள்ளையும் சேர்ந்து பள்ளத்தில் கிடப்பார்கள்.

அதனால் அர்ச்சுனன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். அலைன்மென்ட் பார்த்தார். பின்னால் குலுக்கல் தாங்கும் ஷாக் மாற்றினார், அதன் ரப்பர் புஷ் மாற்றினார். புது டயர் ஒன்றைப் போட்டு, இனிமேல் கவலையே வேண்டாம் என்று அனுப்பி வைத்தார்.

புரட்டாசி கழிவதற்குள் அந்தப் புது டயரும் மொட்டையாகிவிட்டது.

இந்த முறை அர்ச்சுனன் மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. வண்டியின் பின்னால் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம், கால்மிதியைக்கூட, எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். வைத்தார்கள். சாய்வு அப்படியே இருந்தது. வலது மூலையில் கை வைத்து அழுத்தினார். வண்டி அமுங்கி, எழும்பியது. இடது மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தினார். அது அசையவில்லை. அமுங்க வேண்டியது ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

பின்கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். நீட்டிய வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார்.

நனைந்த சாக்கின் வாசம் அம்பிகா நின்ற இடம் வரைக்கும் வந்தது. கொஞ்ச நாட்களாகவே அந்த வாசம் வண்டியில் இருந்தது. மழைக்காலம், கால்மிதி காயவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். கால்மிதியோ வெயிலில் தரையில் கிடந்தது.

அர்ச்சுனன் பழைய துணியில் வெகுநேரம் கையைத் துடைத்தார். கடையில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தினார்.

“மூட்டை இல்லீங்க மேடம். ஆளு பாரம் மாதிரி இருக்குது. நீங்க யாரையாச்சும் கூட்டிட்டுப் போறீங்களா?”

அம்பிகா சாவியை வாங்கிக்கொண்டாள். அன்று வீடு வரைக்கும் கண்ணாடியில் பின்னால் பார்க்காமலே ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மலையில் மேகம் இல்லாத வெளிச்சம். மதிய மணி அடித்ததும் சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் செய்யும் தீர்த்தம்மாள் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள், வாயாடி, பள்ளிக்கூடமே அவள் சத்தத்தில்தான் நடக்கும். அம்பிகா கை நீட்டியபோது அவள் தட்டைக் கொடுக்கவில்லை.

“இது உங்களுக்கு இல்லீங்க டீச்சர். வண்டியில உக்காந்திருக்காரே, அவுருக்கு. எத்தினி நாளாதான் அவுரும் வெயில்ல அப்படியே உக்காந்திருப்பாரு? வூட்டு மனுசருன்னா உள்ள கூப்பிட வேணாமா?”

பலா மரத்தடியில் வண்டி நின்றது. உள்ளே யாரும் இல்லை. நான்கு கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன.

அவற்றில் பின்பக்க இடது கண்ணாடி மட்டும் வெளுத்துப் பனி பிடித்திருந்தது.

உட்பக்கமாக.

அம்பிகாவின் முகத்தைப் பார்த்ததும் தீர்த்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தட்டு சரிந்தது. குழம்பு விரலில் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அம்பிகாவைச் சமையல் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்து, வழியில் யாரையாவது ஏற்றினீர்களா என்று கேட்டாள்.

ஏற்றியிருந்தாள்.

ஆடி மாதம் பிறந்த புதிதில், தூறலில் இறங்கும்போது, பாதி மலையில் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச்சுவரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, காலடியில் நனைந்த சாக்கு மூட்டை. வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பாதையில் நடந்து போகிறவர்களை விட்டுவிட்டுப் போவதில்லை. அது அங்கே வழக்கம். அவர் கை காட்டவில்லை, கேட்கவும் இல்லை. இவளாகத்தான் நிறுத்தினாள். முன்சீட்டிலிருந்தே எட்டிப் பின்கதவைத் திறந்து, “வாங்க, ஏறிக்குங்க” என்றாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. கியரைப் போட்டுக் கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு, எங்கே போகணும் என்று கேட்கக் கண்ணாடியைப் பார்த்தால் பின்சீட் காலி. மனசு மாறி நின்றுவிட்டார் போலிருக்கிறது, கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்து அதோடு மறந்துபோனாள்.

தீர்த்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பாலத்தில் கை காட்டாத ஆளை யாரும் கூப்பிட மாட்டார்களாம். கூப்பிட்டால் வந்துவிடுவாராம். யார் அவர், எந்தக் காலத்து ஆள், மூட்டையில் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. இறங்கும் இடம் வராமல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

“நீங்கதான் ஏத்துனீங்க, நீங்கதான் எறக்கி உடணும். அதே பாலத்துல கதவைத் தெறந்து, எடம் வந்துருச்சு, எறங்கிக்குங்கன்னு சொல்லுங்க. எறங்கினதும் வாயே தெறக்கக் கூடாது. எழவு வூட்டுல இருந்து எப்படி வருவீங்க? சொல்லிக்காமதானே வருவீங்க? அப்படி வந்துருங்க.”

பிறகு அவள் கை அம்பிகாவின் வயிற்றின் மேல் வந்து நின்றது. “புள்ளத்தாச்சி. ஒத்த வார்த்தை பேசிடாதீங்க தாயி.”

கூட வரச் சொல்லி அம்பிகா கெஞ்சினாள். ஏற்றியவர் மட்டும் இருந்தால்தான் இறங்குவார் என்று தீர்த்தம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். அது நிஜமா, பயத்தில் சொன்ன சாக்கா என்று யாருக்குத் தெரியும்? வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்றும் அம்பிகாவுக்குத் தோன்றியது. ஏற்றியது நான், பஸ்ஸிலும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வேன் என்று நினைத்ததும் சாவியை எடுத்துக்கொண்டாள்.

பள்ளி விட்டுக் கிளம்பும்போது மேகம் இறங்கிவிட்டது. முன்விளக்கு வெளிச்சம் நான்கடிக்கு மேல் போகவில்லை. தைல மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள்ளேயே போயின. தேய்ந்த டயரை மாற்றி ஒரே நாள்தான் ஆகிறது. ஆனாலும் பின்னால் இடது பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம் தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டு உறை முனகியது. உட்கார்ந்திருப்பவர் விழாமல் இருக்க உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொள்ளும் சத்தம் அது.

சாக்கு வாசம் அவள் பிடரி வரைக்கும் வந்து நின்றது.

அம்பிகா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை அசையவில்லை. காலையிலிருந்தே அசையவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாலம் வந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கினாள். வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தாள். பின்பக்க இடது கதவைத் திறந்தாள். சீட் காலியாக இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

“எடம் வந்துருச்சு.” சத்தத்தைக் கூட்டி மறுபடியும் சொன்னாள். “எடம் வந்துருச்சுங்க. எறங்கிக்குங்க.”

ஒன்றும் நடக்கவில்லை.

தூரத்தில் ஏதோ பறவை கத்தி ஓய்ந்தது.

பிறகு சீட்டின் பள்ளம் மெதுவாக நிரம்பியது. வண்டியின் இடது மூலை, க்ரீச்சென்று ஒரு சத்தத்தோடு, மேலே எழும்பியது. குளிர்ந்த ஈரம் ஒன்று அவள் முழங்கையை உரசிக்கொண்டு கடந்தது. ஜல்லியில் கனமான சாக்கை இழுக்கும் ஓசை பாலத்தின் பக்கம் நகர்ந்தது. சரக். சரக். தள்ளித் தள்ளிப் போனது.

அந்த நொடியில் வயிற்றில் பிள்ளை ஓங்கி உதைத்தது.

அம்பிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை இருக்கிறது, பாரம் இறங்கிவிட்டது, எல்லாம் முடிந்தது. பிறந்து பேசக் கற்றதிலிருந்து வாசல் வரைக்கும் வந்த யாரையும், பால்காரரைக்கூட, அவள் சும்மா அனுப்பியதில்லை. வாய்க்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்த நிம்மதியில் சொல்லிவிட்டாள்:

“பாத்துப் போயிட்டு வாங்க.”

சாக்கு இழுபடும் ஓசை நின்றது.

மேகத்துக்குள்ளிருந்து, வெகு அருகில், சின்னக் குரலில் பதில் வந்தது.

“வரேங்க.”

வண்டியை எப்படி ஓட்டிக் கீழே வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. தீர்த்தம்மாளிடம், சொன்னபடியே செய்தேன் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு வாசம் இல்லை, பின்கண்ணாடியில் பனி இல்லை. மாதக்கணக்கில் ஓடியும் நான்கு டயர்களும் ஒன்றுபோலவே தேய்ந்தன. வரேன் என்று யார்தான் சொல்லவில்லை, சொன்னவர்களெல்லாம் வந்துவிடுகிறார்களா என்று அம்பிகா தன்னைத் தேற்றிக்கொண்டாள். மாசியில் சுகப்பிரசவம். ஆண் பிள்ளை. தராசில் மூன்று கிலோ காட்டியது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கொஞ்சினார்கள். அதிகம் அழாத, பொறுமையான பிள்ளை. எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் கிடப்பான்.

ஆவணியில் தீர்த்தமலையில் அவனுக்கு மொட்டை போடக் கிளம்பினார்கள். சந்திரன்தான் ஓட்டினான். வழியில் காற்று பார்க்க அர்ச்சுனன் கடையில் நிறுத்தினான். அவனுக்கு எதுவும் தெரியாது, அம்பிகா சொன்னதில்லை. மொட்டை போடப் போகிறோம் என்று அர்ச்சுனனிடம் சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அர்ச்சுனன் குனிந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்பக்கம் வந்ததும் குனிந்தவர் நிமிரவில்லை.

“மேடம்,” என்றார் கீழே இருந்தபடியே. “புள்ளைக்கு அடிக்கறதுக்கு முன்னாடி டயரு மொட்டையாயிருச்சுங்களே.” விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் விளையாட்டு இல்லை.

பின்சீட்டில், இடது பக்கம், மெத்தை விரித்த கூடையில் பிள்ளை விழித்துக்கொண்டு கிடந்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கு அதுதான் இடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பிகா வலது கதவு வழியாக இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடது கதவைத் திறந்தாள். குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். கையில் அவன் பஞ்சு போலத்தான் இருந்தான்.

க்ரீச்சென்று ஒரு சத்தத்தோடு வண்டியின் மூலை மேலே எழும்பியது.

அர்ச்சுனன் கையிலிருந்த காற்றுக்குழாய் தரையில் விழுந்து சீறியது.

அம்பிகா பிள்ளையின் தலையை முகர்ந்தாள். பால் வாசம் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். பால் வாசம் இருந்தது. அதற்கு அடியில், மழையில் நனைந்த சாக்கும் இருந்தது. ஆனாலும் கைகள் பிள்ளையைக் கீழே வைக்க மறுத்தன. எட்டு வருடம் காத்திருந்த கைகள் அவை.

“என்னங்க மேடம் பண்றது?” என்று கிசுகிசுத்தார் அர்ச்சுனன்.

“புதுசு போடுங்க,” என்றாள் அம்பிகா. “இன்னும் ரெண்டு மூணு வாங்கி வெச்சிருங்க. இனிமே தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.”

பிள்ளை அவள் தோளில் முகவாயை ஊன்றிக்கொண்டு, வத்தல்மலைப் பக்கம் பார்த்துச் சிரித்தான்.