முதுகில் வைத்த இரண்டாவது அட்டை

"ஸோம்பி!"

கத்தியது தன் வாய்தான் என்று சிகுசாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

மூங்கில் காடே அசையாமல் நின்றது. மழை மட்டும் நிற்கவில்லை. தலைக்கவசத்தின் மேல் சடசடவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. இருபதடி தள்ளி அந்த உயரமான இளைஞன் மெல்லத் திரும்பினான். முகமூடி, கண்ணாடி... அதற்குள் இரண்டு கண்கள். அவற்றில் கோபமில்லை. திகைப்புதான் இருந்தது.

ஜப்பானில், சிபாவின் அந்தப் பொம்மைத் துப்பாக்கிச் சண்டை மைதானத்தில் காலையில் சொல்லும் முதல் விதி இது: குண்டு பட்டவன் தானே கையைத் தூக்கி 'ஹிட்' என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். பொம்மைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குண்டு கறை வைக்காது. அவரவர் நாணயமே சாட்சி. பட்டும் படாதவன்போல் நடமாடுகிறவனுக்குப் பெயர் ஸோம்பி. இரண்டாவது விதி: அந்தப் பெயரை யாரையும் பார்த்து நேராகச் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் பணியாளரிடம் தணிந்த குரலில் சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டுக்கான சாமான் விற்கும் குராதா கடைக்காரரின் மகள் சிகுசா, பன்னிரண்டு வயதிலிருந்து இங்கே விளையாடுகிறவள், அந்த விதியை உடைத்துவிட்டாள். ஆனால் தான் சுட்ட மூன்று குண்டுகள் அவன் முதுகில் பட்டுத் தெறித்ததை அவள் கண்ணால் பார்த்தாளே!

"பட்டது எனக்குத் தெரியலைங்க..." என்றான் அவன். "ஆனா சுட்டவங்க பட்டுச்சுன்னா, பட்டதுதான்."

கையைத் தூக்கினான். "ஹிட்!"

இந்தக் குரல்... இது அவளுக்குத் தெரிந்த குரல்!

ஓய்வுக் கொட்டகையில் அவன் முகமூடியைக் கழற்றியபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நிவா கென்சாகு. காலையிலிருந்து வாசலில் இறங்கிய ஒவ்வொரு முகத்திலும் அவள் யாரைத் தேடினாளோ, அவன்.

பத்து நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை மாலை, கடைக்குள் வந்து விழித்துக்கொண்டு நின்றான்.

"எதை வாங்கணும்னே தெரியலைங்க."

"முதல்ல கண்ணாடி. துப்பாக்கி கடைசிதான். துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும், கண்ணு கிடைக்காது."

"குண்டு பட்டா வலிக்குமா?"

"கொசுக்கடி மாதிரிதான்."

"கொசு கடிச்சாலே நான் ஒரு நாள் லீவு போடுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ், உள்ளங்கை வழுக்காத கையுறை, சட்டைக்கு மேல் போடும், முதுகுப் பையுள்ள வெஸ்ட்... ஒவ்வொன்றையும் அவளே தேர்ந்தெடுத்தாள். கடைக்கு அது பத்து நிமிட வேலை. அன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நாங்க மைதானத்துக்குப் போறோம்... வாங்களேன்" என்று எப்படித்தான் சொன்னாளோ!

அந்த வெஸ்ட்... ஐயோ!

வெஸ்ட்டின் முதுகில் வடிவம் நிற்பதற்காக மெல்லிய பஞ்சு அட்டை ஒன்று இருக்கும். கட்டிக் கொடுக்கும்போது, அவன் பார்க்காத நேரத்தில், இன்னொன்றையும் அவள் உள்ளே செருகியிருந்தாள். தடித்தது. அதன் மேல் குண்டு பட்டால் உடம்புக்குத் தெரியாது. காதுக்காவது கேட்டிருக்கும். அதையும் இந்த மழை விழுங்கிவிட்டது.

நேர்மையான ஒருவனை அவள்தான் ஸோம்பி ஆக்கினாள். பெயர் வைத்ததும் அவளேதான்.

"அந்த உசரமானவன்தான்..." பக்கத்து மேசையில் கிசுகிசுத்தார்கள். "புதுசா வந்து, முதல் நாளே!"

மைதானப் பொறுப்பாளர் ஓசாவா நிவாவிடம் போய்ப் பணிவாகக் குனிந்தார். "மழை வேற... மதியத்துக்கு மேல நீங்க ஓய்வெடுத்துக்கலாமே?"

அந்தப் பணிவுக்கு என்ன அர்த்தம் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். இனி வராதே என்பதுதான். நிவா தலையசைத்தான். அவன் முன்னால் கறி சாதம் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்துக்கு வேன் ஒரு மணிக்கு. இப்போது பன்னிரண்டு ஐம்பது.

"அப்பா..." எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சிகுசா இரண்டாவது அட்டையைப் பற்றிச் சொல்லி முடித்தபோது குராதாவின் கரண்டி பாதியில் நின்றிருந்தது.

"வாயைத் திறக்காதே. குராதா கடையில சாமான் வாங்கினா ஸோம்பி ஆகலாம்னு ஊரே சிரிக்கும். முப்பது வருஷப் பேரு அது."

"அவரோட பேரு?"

"அவன் யாரு நமக்கு?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. அவன் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்...

"இன்னொருத்தர் தலைகுனிஞ்சாத்தான் நம்ம பேரு நிமிர்ந்து நிக்கும்னா, அது என்ன பேருப்பா?"

அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். ஆட்டத்துக்கு அழைக்கும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நிவா சான் ஏமாத்தலை. நான்தான் விதியை மீறிக் கத்தினேன். அந்த வெஸ்ட்டை வித்ததும் நான்தான்." அவன் பக்கத்தில் கிடந்த வெஸ்ட்டின் முதுகைத் திறந்து, உள்ளிருந்த இரண்டையும் உருவி உயர்த்தினாள். "ஒண்ணுதான் இருக்கணும். இன்னொண்ணு நான் வெச்சது. அவருக்கே தெரியாது."

"எதுக்கும்மா ரெண்டு?" ஓசாவா கேட்டார்.

கொட்டகையின் தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒலிபெருக்கி வாயருகே இருப்பது அவளுக்கு மறந்தே போயிற்று.

"அவருக்கு... வலிக்கக் கூடாதுன்னு."

நாற்பது பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். யாரோ "ஓஹோ!" என்றார். யாரோ அவரை இடித்தார்.

குராதா எழுந்தார். விறைத்த முதுகோடு நடந்து வந்த அவர், மகளைக் கடந்து போய் அந்த இளைஞன் முன்னால் நின்றார். இடுப்பு வரை குனிந்தார்.

"என் மகள் உங்க பேர்ல சேறு பூசிட்டா. அது என் கடையோட தப்பு. மன்னிக்கணும்."

நிவா பதறி எழுந்து, அவரைவிடத் தாழக் குனிந்தான். குராதா நிமிர்ந்தார். திரும்பிப் போய்க் கறி சாதத்தின் முன் உட்கார்ந்தார். ஆனால் சாப்பிடவில்லை.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

நிவா பையை எடுத்தான்! போகிறான்... இவ்வளவு சொல்லியும் போகிறான். சிகுசா கூரை விளிம்புவரை பின்னாலேயே ஓடினாள்.

"குராதா சான்." குடும்பப் பெயரோடு 'சான்' என்று மரியாதை சேர்த்து அவளை அழைத்தபடி அவன் நின்றான். கண்ணிமையில் மழைத்துளி. "நானும் ஒண்ணை மறைச்சிருக்கேன்."

"என்ன...?"

"அன்னைக்கு நான் எதுவும் வாங்க வரலை. உங்க கடைக்கு மேல் மாடியில பல் டாக்டர் இருக்காரில்ல? ஊசிக்குப் பயந்து படியிலேயே நின்னேன். கடைக் கண்ணாடி வழியா உங்களைப் பார்த்தேன்... காலு உங்க கடைக்குள்ள வந்துடுச்சு."

"அப்போ பல்லு?"

"இன்னும் வலிக்குது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவன் பையைக் கீழே வைத்தான். நிமிர்ந்து நின்று, நேராக அவள் கண்களைப் பார்த்தான்.

"இந்த விளையாட்டு எனக்கு வருமான்னு தெரியலை. ஆனா உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னோட பழகுவீங்களா?"

அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓசாவா பார்க்கிறார். நாற்பது பேர் பார்க்கிறார்கள். வேன்காரர்கூட கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்குக் கடை வாசலுக்கு வாங்க" என்றாள் சிகுசா. "நானே மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊசி போடும்போது வேணும்னா... என் கையைப் பிடிச்சுக்கலாம்."

"அது... பதிலா?"

அவள் தலை தாழ்ந்தது. குரல் மட்டும் தாழவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, நிவா சான்."