மனைவிக்காக நடந்த நடை

விடிந்ததும் தமயந்தியின் மணிக்கட்டுப் பட்டை அவளை அதட்டி எழுப்பியது. செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குவிமாடத்தில் இது சேவல் கூவுவது மாதிரி. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் எல்லோருக்கும் அங்கே ‘நலத்துணை’ என்ற கணினிக் குரல் ஒன்று உண்டு. பட்டை வழியே நாடியையும் ரத்தத்தையும் படித்து, நட, கீரை சாப்பிடு, தூங்கு என்று நாள் முழுக்கக் காதுக்குள் ஓதும். சொன்னபடி கேட்டால்தான் பயண அனுமதி. அடுத்த வாரம் ஏழாம் குவிமாடத்தில் மகள் யாழினிக்குப் பிரசவம். போக வேண்டுமே என்பதுதான் தமயந்தியின் முழுக் கவலையும்.

அதைவிடப் பெரிய நலத்துணை வீட்டிலேயே இருந்தார், கணவர் கோதண்டம். தட்டு நிறையப் பூரியை வைத்துக்கொண்டு, வேகவைத்த சுரைக்காயின் மகிமையை அவளுக்கு எடுத்துச் சொல்வார். பரிசோதனைக்கு வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டால் மட்டும், எனக்கென்ன கேடு என்பார்.

அன்று அவளால் எழவே முடியவில்லை. சிகிச்சை விட்டுச்சென்ற அசதி, சொல்லாமல் கொள்ளாமல் வரும். நடை தவறினால் அனுமதி போய்விடுமே என்று கோதண்டம் பதறினார். பராமரிப்பவர் என்ற முறையில் பட்டையைக் கழற்ற அவருக்கும் உரிமை இருந்தது. தன் கையில் கட்டிக்கொண்டு சுரங்கப்பாதையில் விறுவிறுவென்று நடந்துவிட்டு, வேர்த்து வழிய வந்து மறுபடி அவளுக்கு மாட்டினார். பாவம், ஆசையாகத்தான் செய்தார்.

சற்று நேரத்தில் பட்டை சிவந்தது. ரத்தத்தில் ஒரு மாற்றம், உடனே மருத்துவக் கூடத்துக்கு வரவும் என்றது. அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: புற்று திரும்பிவிட்டது. கண்விழித்தாய், கீரையை ஒதுக்கினாய் என்று கோதண்டம் வழியெல்லாம் புலம்பினார். பயம் அவருக்கு, திட்டு அவளுக்கு.

கூடத்தின் ஸ்கேன் கருவி அவளைத் தலை முதல் கால்வரை துழாவியது. புற்று திரும்பவில்லை. பிறகு எதற்கு வரச் சொன்னாய் என்று கேட்டாள். அந்த ரத்த மாற்றத்தின்படி காலை நடையின்போது இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, ஆனால் உங்கள் இதயமோ நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒத்துவரவில்லை என்றது நலத்துணை.

தமயந்தி கணவரைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவர் தலையை லேசாக ஆட்டினார். சொன்னால் அனுமதி போய்விடும், யாழினி தனியாகப் பெற்றுக்கொள்வாள். சொல்லாவிட்டால்? அவர் நெற்றி வேர்வை இன்னும் காயவில்லை.

“நடந்தது நான் இல்ல, இவர்தான்,” என்றாள்.

அனுமதி அந்தக் கணமே ரத்தானது. அவள் அழுதாள். கோதண்டமோ இடது தோளைத் தேய்த்தபடி வாசலை நோக்கி நகர்ந்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. வெறும் வாயு. வெந்நீர்ல பெருங்காயம் போட்டுக் குடிச்சா சரியாயிடும்.”

நலத்துணை சிறிது நேரம் எதையோ தேடியது.

“பூமியின் பழைய மருத்துவப் பதிவுகளைப் பார்த்தேன். இதய அடைப்போடு வந்த ஆண்களில் பலர் கடைசியாகச் சொன்னதும் இதைத்தான்.”

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டையைக் கழற்றி அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். கோதண்டம் திரும்பி வந்து கட்டிலில் படுத்தார். ஊசி ஏறும்போது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“ஆமா, காலைல நீ கீரை சாப்பிடவே இல்லையே?”