கூட ஒரு பிடி

நிலாக் குடியிருப்பில் விருந்துக்குப் போனால், கிளம்புமுன் அந்த வீட்டுக் கழிவறையிலேயே சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். சாப்பிட்டபின் அடக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடுகிறவன் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன். அடுத்த முறை அழைப்பு வராது. சிறுநீரில் இருக்கிற பாஸ்பரஸுக்கு அங்கே அவ்வளவு மரியாதை. ராக்கெட்டில் வந்து இறங்குகிற சத்து அது. அது இல்லாவிட்டால் செடி பூக்காது.

வேளாண் அதிகாரி கடம்பனும் அந்த மரியாதையை முடித்துவிட்டுத்தான் பூரணியின் வயலுக்குள் வந்தார். முகம் மட்டும் சரியாக இல்லை.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே கத்தரி பூத்திருந்தது. மண்ணுக்கடியில் துளையிட்ட வடிகுழாய்கள் ஓடின. வேரில் தேங்கும் நீரை அவை குடிநீர் ஏரியில் கொண்டுபோய் விடும். கொஞ்ச காலமாக நீரோடு பாஸ்பரஸும் போய், ஏரி பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. எல்லா வயல்களிலும் இதே கசிவு. குழாய்களை அடைத்துவிடுவது என்று மன்றம் முடிவெடுத்திருந்தது. முதலில் பூரணியின் வயல்.

அடைத்தால் தண்ணீர் நின்று வேர் அழுகிவிடும், பூத்த பயிர் மொத்தமும் போய்விடும் என்று பூரணி மன்றாடினாள். குழாய் வாயில் இரும்புத்தூள் வடிகட்டி வைத்தும் கசிவு நிற்கவில்லை. இயந்திரம்தான் அளந்து போடுகிறது, தன் கை உரத்தைத் தொட்டே வருஷங்கள் ஆகின்றன என்றாள்.

அந்த இயந்திரத்துக்கு உரவன் என்று பெயர். வயலுக்கு ஒன்று. முதல் உரவன், ஊரிலேயே கைராசிக்காரியான பூரணியின் பின்னால் ஒரு பருவம் முழுக்க நடந்து, பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியது. ஒன்று கற்றதை மற்றவையும் அந்த நொடியே கற்கும். கற்றதும் நெற்றி விளக்கு நீலமாக எரியும்.

கடம்பன் உரவனைக் கூப்பிட்டார்.

"ஒரு பாத்திக்கு எவ்வளவு போடுற?"

"மண் சோதனை சொன்ன அளவு சார். அப்புறம், கூட ஒரு பிடி."

"அது எதுக்கு?"

"தெரியாது சார். அம்மா போட்டாங்க."

பூரணி தலை குனிந்தாள். "அது மனசு கேக்காம போடுறது சார். அளந்ததோட நிறுத்துனா செடியை ஏமாத்துற மாதிரி இருக்கும்."

"உங்க மனசுதான் இப்ப ஏரியில பச்சையா மிதக்குது பூரணிம்மா."

ஆனாலும் காரணம் கிடைத்துவிட்டது. குழாய் அடைப்பு வேண்டாம் என்று அங்கிருந்தே மன்றத்துக்குச் சொன்னார். பூரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உரவனுக்குச் சரியான அளவைச் செய்து காட்டினால் போதும்; அவள் கையை நம்ப முடியாததால் தானே காட்டுவதாகச் சொல்லிச் சட்டைக்கையை மடித்துக்கொண்டார். இந்த மண்ணில் தலைமுறைக்குப் போதுமான சத்து ஏற்கெனவே கிடக்கிறது என்று பாடமும் எடுத்தார்.

அளவுக் குவளையில் முகந்து, விரலால் தலைதட்டி, முதல் பாத்தியில் தூவினார். உரவன் கண் கொட்டாமல் பார்த்தது. பூரணி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடம்பன் நிமிர்ந்து பாத்தியைப் பார்த்தார். போட்டது கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில் உரமூட்டை வாய் திறந்து கிடந்தது.

"இந்த ஓரத்துச் செடி கொஞ்சம் நோஞ்சானா இருக்கு" என்று யாரிடமோ சொன்னார். கை தானாக மூட்டைக்குள் போய் வந்தது.

"புரிஞ்சது சார்" என்றது உரவன். "அம்மா பிடி ஒண்ணு, ஆபீசர் பிடி ஒண்ணு."

அதன் நெற்றியில் நீல விளக்கு எரிந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அடுத்த வயலிலும் எரிந்தது. அதற்கடுத்த வயலிலும்.