எழுபத்தொரு கிலோ கொலைகாரன்

காலை எட்டு மணி பத்து நிமிடம்.

பேராசிரியர் உத்தரத்துக்கு அடியில் செத்துக் கிடந்தார்.

உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கட்டுமான ஆய்வுக்கூடத்தில் அதுதான் பெரிய ஆச்சரியம். ஆறு மீட்டர் நீளக் கான்கிரீட் உத்தரம்... முதுகில் இரண்டு டன் மணல் மூட்டைகளோடு, நெஞ்சு உயர இரும்புப் பீடங்களில் இருந்து விழுந்திருக்கிறது. ஒரு முனையில் உள்ளங்கை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான். சேதாரம் எல்லாம் பேராசிரியருக்குத்தான்.

கிரேன் வைத்து உத்தரத்தைத் தூக்கினார்கள். பேராசிரியர் வண்டியேறிப் பிணவறைக்குப் போனார். இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"விபத்து. உத்தரம் விழுந்தது, ஆள் அடியில நின்னாரு. ரெண்டு வரியில முடிஞ்சிடும்."

"இல்ல சார். கொலை."

சொன்னவள் ஆராய்ச்சி மாணவி. அந்த உத்தரத்தைப் பெற்றவள். ஆறு வருட ஆராய்ச்சி.

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். இருபது வருட சர்வீஸில் அவர் கொலை என்பார், எதிரே நிற்பவர்கள் விபத்து என்று காலில் விழுவார்கள். இது தலைகீழாக இருந்தது.

"ஏம்மா, செத்தவர் உன் கைடுதானே?"

"ஆமா சார்."

"கொஞ்சம் அழக்கூடாதா?"

"பதினோரு மணிக்குக் கமிட்டி வருது சார். எனக்கு இப்ப நேரமில்ல."

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு நடைபாலம் வரப்போகிறது. அவளுடைய முறைப்படி கட்டலாமா என்று பதினோரு மணிக்கு முடிவு. பழைய முறையில் புத்தகத்தைத் திறந்து, சூத்திரத்தைப் போட்டு, இத்தனை கனம் என்று கொட்டிவிடுவார்கள். அவள் முறை வேறு. பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்ப்பாள். அந்த வழியில் மட்டும் கான்கிரீட். வேலை செய்யாத கான்கிரீட்டுக்கு இடமில்லை. அதனால் உத்தரம் பாதிக் கனத்தில், வயிறு ஒட்டி, நடுவே ஓட்டைகளோடு, பட்டினி கிடந்த ஒட்டகம் மாதிரி இருந்தது.

இருபத்தெட்டு நாள் பாரம் தாங்கினால் தேர்ச்சி.

இன்று இருபத்தெட்டாவது நாள்.

"விபத்துன்னு எழுதினீங்கன்னா, உத்தரம் தானா விழுந்துச்சுன்னு ஆயிடும். தானா விழற உத்தரத்துல யாரு சார் பாலம் கட்டுவாங்க? என் உத்தரம் அப்படிப்பட்டது இல்ல."

"எல்லா அம்மாவும் ஸ்டேஷன்ல இதையேதாம்மா சொல்றாங்க."

"ஆதாரம் இருக்கு சார். உத்தரத்தோட ஒரு முனை உருளை மேல இருக்கும். அது உருளாம இருக்க ரெண்டு பக்கமும் மரத்துண்டு அடிச்சிருப்போம். மொத்தம் நாலு. இப்ப எண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து எண்ணினார்.

மூன்று!

பீடத்தின் அருகே ஒரு சுத்தியலும் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். இப்போது அவர் குரல் மாறியிருந்தது.

"யார்கிட்ட எல்லாம் சாவி இருக்கு?"

"பேராசிரியர்கிட்ட, என்கிட்ட, அப்புறம் மூட்டை அண்ணன்கிட்ட."

மூட்டை அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். மணல் மூட்டைகளைத் தூக்குவதால் அந்தப் பெயரா, பார்க்க அப்படி இருப்பதாலா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து பிணத்தை முதலில் பார்த்தவர்.

"நான் தொடவே இல்லீங்க. காலைப் பார்த்தேன். செருப்பைப் பார்த்தேன். இது சாரோட செருப்பாச்சேன்னு நெனச்சேன். மிச்சத்தைப் பாக்கல."

"சாட்சி யாராவது?"

"இருக்கு சார்," என்றாள் அவள். "உத்தரம்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். உத்தரத்தின் வயிற்றில் நகத்தளவு சென்சார்கள் ஒட்டியிருந்தன. மேலே ஒரு பூனை நடந்தாலும் உத்தரம் எவ்வளவு வளைகிறது என்று நொடிக்கு நொடி சொல்லும். திரையில் ஒரு கோடு ஓடியது. இருபத்தேழு நாளும், வாரத்துக்கு ஒரு சின்ன மேடு தவிர, நேர்க்கோடு. அப்புறம்...

"ஆறு நாப்பத்தொண்ணுக்கு யாரோ மேல ஏறியிருக்காங்க. எடை எழுபத்தொரு கிலோ."

"எடை வரைக்கும் சொல்லுமா?"

"அதுக்காகத்தான் சார் திங்கக்கிழமை எடை போடறோம்."

மூட்டை அண்ணன் விளக்கினார். சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று வாரா வாரம் சோதிக்க வேண்டும். அதற்கு எடைக்கற்கள் வேண்டும். எடைக்கற்கள் கேட்டு ஆறு விண்ணப்பம் போட்டார்கள். ஆறும் பரிசீலனையில் இருக்கின்றன. ஆகவே திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்காரர்களே எடைக்கற்கள். ஒவ்வொருவராக எடை மெஷினில் நிற்க வேண்டும். பிறகு உத்தரத்தின் நடுவில் நிற்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பதிவேட்டில் எழுதுவார்கள். சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதுவார்கள்.

"இதென்னம்மா இந்தக் கோடு? பல்லு பல்லா இருக்கு?"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"குதிச்சிருக்காங்க சார். நாப்பத்து மூணு தடவை."

"என்னது?"

"இருபத்து நாலாவது குதிப்புக்கு அப்புறம் ஆறு நிமிஷம் ஓய்வு. மூச்சு வாங்கியிருக்கும்போல. அப்புறம் மறுபடியும் குதிச்சிருக்காங்க. ஏழு மணிக்கு இறங்கியாச்சு. ஏழு ஆறுக்கு உத்தரம் விழுந்திருக்கு."

"குதிச்சு உடைக்கப் பாத்திருக்கான். உடையல. இறங்கிக் கட்டையைத் தட்டியிருக்கான். அந்த நேரம் பேராசிரியர் உள்ள வந்து மாட்டிக்கிட்டாரு." இன்ஸ்பெக்டர் பதிவேட்டுக்குக் கை நீட்டினார். "எழுபத்தொண்ணு யாரு?"

மூட்டை அண்ணன், எண்பத்தெட்டு. அவள், ஐம்பத்து நான்கு. நாலு பக்கம் பின்னால் புரட்டினால், போன மாதம்... எழுபத்தொன்று!

இன்ஸ்பெக்டர் பெயரைப் படித்தார்.

அது அவள் கணவன்.

அவன் கட்டட வடிவமைப்பாளன். அந்த உத்தரத்தின் வளைவை வரைந்ததே அவன்தான். செய்தி கேட்டு அப்போதுதான் ஓடி வந்து, வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர் கனிவாக. "காலைல ஆறே முக்காலுக்கு எங்க இருந்தீங்க?"

"நானா? வாக்கிங்."

"நீங்களா? வாக்கிங்கா?" என்று கேட்டது போலீஸ் இல்லை. மனைவி.

"ஏன், நான் நடக்கக் கூடாதா?"

"பக்கத்துத் தெரு கடைக்கே வண்டி எடுக்கற ஆளு நீங்க."

"ஒரு மாசமா நடக்கறேன். நீ தூங்கறப்பவே போயிட்டு வந்துடுவேன்."

"சாட்சி?"

"தனியாதான் நடந்தேன். தெருநாய் ஒண்ணு தொரத்துச்சு. அதைக் கூப்பிடணுமா?"

அவள் அவனைத் தனியே இழுத்தாள்.

"ஏங்க, நிஜத்தைச் சொல்லுங்க. என் சாவிய எடுத்தீங்களா?"

"அட என்ன நீ? உன் உத்தரத்தைக் காப்பாத்த என்னைத் தூக்குல போட்டுடுவியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. சென்சார் சொல்லுது."

"ஆறு வருஷமா இதேதான். நான் சொன்னா நம்ப மாட்ட, சென்சார் சொன்னா நம்புவ."

அவளுக்குச் சுரீர் என்றது. விபத்து என்று எழுதினால் உத்தரம் போகும். கொலை என்று எழுதினால் வீட்டுக்காரர் போவார். மணி பத்து இருபது. ஒரு வார்த்தை... 'சார், சென்சார் தப்பாவும் இருக்கலாம்' என்று சொன்னால் போதும். அவன் தப்பிப்பான். அவளுடைய ஆறு வருடம் குப்பைக்குப் போகும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"சார், சென்சார் ஒருவேளை..."

"ஏய், சும்மா இரு," என்றான் அவன். "சென்சார் சரிதான். நான்தான் சரியில்ல. மூட்டை அண்ணே, அந்த மெஷினக் கொண்டாங்க."

எடை மெஷின் வந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

அறுபத்தாறு.

"திங்கக்கிழமை ஆனா என் எடையை மைக் வெச்ச மாதிரி வாசிக்கறாங்க. உன் ஜூனியர் பசங்க எல்லாம் சிரிக்கறாங்க. எழுபதுக்குக் கீழ வந்துட்டுதான் இனிமே மேல ஏறுவேன்னு முடிவு பண்ணினேன். அதான் நாலு வாரமா மட்டம் போட்டேன். அதான் வாக்கிங்."

அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அப்படிப் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார்.

"சரி. அப்ப எழுபத்தொண்ணு யாரும்மா? பதிவேட்டுல இல்லாத ஆளா?"

"பதிவேட்டுல இல்லாத ஆளே கிடையாது சார். ஆய்வுக்கூடத்துல எல்லாரும் ஏறித்தான் ஆகணும்."

மூட்டை அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒருத்தரு ஏற மாட்டாரு மேடம். 'நான் என்ன மூட்டையா'ன்னு கேப்பாரு. என் முன்னாடியே கேப்பாரு."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. பிணவறையில் இருந்து. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார்.

"வயசு அம்பத்தொன்பது... சரி. உயரம் அஞ்சு ஏழு... சரி. ரெண்டு முழங்காலும் வீங்கியிருக்கா? உத்தரம் விழுந்ததுல இல்லையா? ரொம்ப நேரம் குதிச்ச மாதிரியா... சட்டைப் பையில மரத்துண்டு... எடை?"

பேனா நின்றது.

"எழுபத்தொண்ணு."

எல்லோரும் பீடத்தடியில் கிடந்த சுத்தியலைப் பார்த்தார்கள்.

நாட்டில் பாதிக் கல்லூரிகளில் பேராசிரியர் எழுதிய புத்தகம்தான் பாடம். அதில் உள்ள அவருடைய சூத்திரப்படி இந்த உத்தரம் மூன்றாம் நாளே இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் வந்து பார்த்தார். பத்தாம் நாள் பார்த்தார். இருபதாம் நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அது நின்றது. கமிட்டி பார்ப்பதற்குள் அது விழ வேண்டும்... இல்லாவிட்டால் அவர் புத்தகம் விழும்.

தப்பு அவர் சூத்திரத்தில் இல்லை, உத்தரத்தில்தான் என்று அவர் கடைசி வரை நம்பினார். ஏறிக் குதித்தார். உத்தரம் அசரவில்லை. இறங்கி வந்து கட்டையைத் தட்டினார். தட்டிய கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விலகி நிற்க நினைப்பதற்குள் உருளை நகர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கமிட்டி வந்தது. தலைவி அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் இருந்த பற்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நாப்பத்து மூணா?"

"ஆமா மேடம். ரெண்டு டன் மூட்டைக்கு மேல."

"அப்புறம் அங்கேருந்து விழுந்து, இவ்வளவுதான் அடியா?"

"ஆமா மேடம்."

"இப்படி ஒரு சோதனைய நாங்க கேட்டிருந்தா நீ நடத்தியிருப்பியா?"

"குதிக்க ஆள் கெடச்சிருக்காது மேடம்."

அம்மாள் கையெழுத்துப் போட்டார். பாலம் அவளுடையது. கணவனும் கையோடு மிச்சம்.

எல்லோரும் போனபின் இன்ஸ்பெக்டர் மட்டும் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து, வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இன்னும் எழுதலையா?"

"எதை எழுதறது? விபத்துன்னா நீ விட மாட்ட. கொலைன்னா, கொல்ல வந்தவரு செத்துட்டாரு, சாக வேண்டியது நல்லா இருக்கு. யாரைப் பிடிக்கறது?"

அவள் உத்தரத்தைத் தடவிக்கொண்டே யோசித்தாள். இன்ஸ்பெக்டருக்கே பளிச்சென்று உதித்தது. மள மளவென்று ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சார் எழுதினீங்க?"

"தற்காப்பு. உன் உத்தரத்து மேல கேஸ் இல்ல... ஆனா ஊரை விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லி வை."