அப்பாவின் எழுபத்திரண்டு

மனிதகுலம் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்துப் போற்றவேண்டிய அறிவிப்பு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்பு செவ்வாய்க் குடியேற்றத்தில் வெளியானது. 'எப்படி இருக்கீங்க?' என்ற துல்லியமற்ற கேள்வியும், 'ஏதோ இருக்கேன்' என்ற அதைவிடத் துல்லியமற்ற பதிலும் இன்றுமுதல் ஒழிக்கப்படுகின்றன. இனி மணிக்கட்டே விசாரிக்கும். மணிக்கட்டே பதில் சொல்லும். நாகரிகம் தன் கடைசிப் படியில் காலை வைத்துவிட்டது.

இதை எழுதியவன் நலத்துறைத் துணைச் செயலர் அறவாழி. 'கடைசிப் படி'யில் அவனுக்குத் தனிப் பெருமை. அது ஏறும் படியா இறங்கும் படியா என்று யாரும் கேட்கவில்லை.

ஏற்பாடு எளிமையானது. எல்லோர் கையிலும் ஒரு நாடிப்பட்டை. அதன் அடிப்பக்கத்துப் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும். திரும்பும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பட்டை இதயத் துடிப்பைக் கணக்கிடும். பெற்றோரின் துடிப்பு பிள்ளைகளின் பட்டையில் தெரியும். காலையில் காப்பி குடித்துக்கொண்டே அறவாழி மணிக்கட்டைத் தட்டுவான். எழுபத்திரண்டு. "அப்பா நல்லா இருக்கார்" என்று மனைவி மணிமொழியிடம் அறிவிப்பான். பிள்ளைக் கடமை அத்துடன் முடிந்தது. காப்பி மட்டும் பாக்கி இருக்கும். சென்ற ஆண்டு ஒரே ஒரு முறை எண் இறங்கியது. உடனே உருக்கமாக ஒரு செய்தி அனுப்பினான். மறுநாளே சரியாகிவிட்டது. செய்தியின் மகிமை என்று நினைத்துக்கொண்டான்.

அப்பா மாசிலாமணி, கண்ணாடிக் குமிழ் மூடிய அடுத்த குமிழூரில்தான் இருந்தார். குழாய் ரயிலில் இரண்டே நிறுத்தம். அறவாழி அங்கே போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் இல்லை, சண்டை போடவாவது போயிருக்க வேண்டுமே. முதலில் ஒரு கூட்டம், அப்புறம் இன்னொரு கூட்டம், அப்புறம் இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். ஒவ்வொரு காலையும் அந்த எண்ணைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் சுருக்கென்று ஏதோ குத்தும். உடனே அவன் பட்டை அக்கறையோடு எழுதும்: 'வாயுத் தொல்லை. இஞ்சி சாப்பிடவும்.' நிறைய இஞ்சி சாப்பிட்டான்.

ஒரு நாள் விண்கல் அபாயச் சங்கு அலறியது. ஆபத்து ஒன்றுமில்லை, எங்கோ ஒரு கல் குமிழை உரசிக்கொண்டு போனது. அலுவலகத்தில் எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்தார்கள். "எங்கம்மாவுக்கு நூத்திப் பத்து!" "எங்கப்பாவுக்கு நூத்தி முப்பது, பயப்படறதுல அவர்தான் முதல் ஆள்!" என்று ஒரே பெருமை.

அறவாழி பார்த்தான். எழுபத்திரண்டு.

வீட்டில் சொன்னபோது மணிமொழி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க இது? மனுஷன் படி ஏற மாட்டாரா, தும்ம மாட்டாரா? சங்கு ஊதறப்பகூட ஒரே நம்பர்ல நிக்க அவர் என்ன அம்மிக்கல்லா?"

"அமைதியான சுபாவம்..."

"யாரு, உங்கப்பாவா? சாம்பார்ல உப்பு கம்மின்னா குமிழே அதிரும். போய்ப் பாருங்க. பாக்கறதுக்கு ஆள் இருக்காரான்னாவது போய்ப் பாருங்க."

ரயிலில் அவன் அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தான். பட்டை பழுதாகிப் பழைய எண்ணிலேயே உறைந்துவிட்டதோ? என்றைக்கு உறைந்தது? எந்தக் காப்பியின்போது?

கதவு திறந்தது. பனியனோடு, கையில் அரை மூடித் தேங்காயோடு, மாசிலாமணி நின்றார்.

"யாரு? அட, நீயா! பாதி முடியை எங்கடா தொலைச்சே?"

அறவாழி அப்பாவின் கையைப் பார்த்தான். வெறும் கை. "பட்டை எங்கப்பா?"

அவர் தேங்காய் மூடியால் சமையலறையைக் காட்டினார். விளக்கடியில், அலமாரியின் மேல், கொழுகொழுவென்று ஒரு சுரைக்காய். அதன் இடுப்பில் நாடிப்பட்டை. பச்சை ஒளி பளிச்சிட்டது. எழுபத்திரண்டு. எதிலும் ஒரு துடிப்பைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் அந்தக் கருவி, விளக்கின் கண்ணுக்குத் தெரியாத மினுக்கலில் ஓர் இதயத்தைக் கண்டெடுத்திருந்தது.

"சுரைக்காய்லயா கட்டுவீங்க!"

"கையில கட்டினா என்னை எங்க வாழ விட்டுச்சு? தேங்காய் துருவினா கை ஆடுதா, அந்த ஆட்டத்தையே நெஞ்சுத் துடிப்புன்னு எடுத்துக்குது. நூத்தி அறுபதுங்குது. உடனே உன் ஆபீஸ்லேர்ந்து எந்திர வைத்தியன் வந்து, குப்புறப் போட்டு ஒரு ஊசி. பாத்திரம் தேய்ச்சா ஒரு ஊசி. பக்கத்து வீட்டுக்காரனைக் கை நீட்டித் திட்டினா ஒரு ஊசி. ஒவ்வொரு தடவை கதவு தட்டறப்பவும் நீதான்னு ஓடுவேன்டா."

அறவாழி தலையைக் குனிந்துகொண்டான்.

"சுரைக்காய் தேவலாம். வம்புதும்பு கிடையாது. வாடிச்சுன்னா எண் இறங்கும், வேற மாத்திடுவேன். போன வருஷம் மறந்துட்டேன். அம்பத்து நாலுக்கு வந்துடுச்சு. 'பயமா இருக்குப்பா, உடம்பைப் பாத்துக்கோங்க'ன்னு எழுதியிருந்தே. எனக்கு ஒரே சிரிப்பு. ஒரு காய்க்கு இவ்வளவு உருகறானேன்னு." அவர் தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் அன்னிக்கு சாப்பிட முடியலை."

அறவாழி அவர் கையைப் பிடித்தான். விரலால் நாடியைத் தேடினான்.

"அது முழங்கைடா, துணைச் செயலர்."

ஒரு வழியாக அகப்பட்டது. ஓடியது, தயங்கியது, மறுபடி ஓடியது. எத்தனை என்று அவனுக்கு எண்ணத் தெரியவில்லை. கண்ணீர் வந்தது. "இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேம்ப்பா."

"கூட்டம் இருந்தா?"

"கூட்டமாவது மண்ணாவது!"

சத்தியமாக, மனதாரத்தான் சொன்னான். அப்பா துருவிய தேங்காயில் அரைத்த துவையலோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். உப்பு அதிகம் என்று சொல்லாமல் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வந்தது. தட்டிக்கழிக்க முடியாத கூட்டம். அறவாழி உட்கார்ந்திருந்தானே தவிர, காதில் எதுவும் ஏறவில்லை. கதவுக்கு ஓடும் அப்பாவின் கால்களே கண்முன் நின்றன. இப்படியே சும்மா இருந்தால் அவன் மகனே இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும். நடுக்கூட்டத்தில் எழுந்து வெளியே போய்ச் செய்துவிட்டு வந்தான். மனசு லேசானது.

சாயங்காலம் மாசிலாமணி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவர் ஓடிப்போய்த் திறந்தார்.

வாசலில் புதுச் சுரைக்காய் ஒன்று இருந்தது.